மூன்று விரல்காரருக்கு ஒரு கத்தி

யார் வந்தாலும் அக்கா முதலில் கேட்பது கையைத்தான். வாங்க, உட்காருங்க எல்லாம் அதற்கப்புறம். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி, குண்டனி நாடு என்கிற ஊர்ப் பக்கம் பிரிகிற மண் ரோட்டில் அவருடைய கணவரின் பட்டறை இருந்தது. கணவரின் பட்டறை என்று ஊரார்தான் சொன்னார்கள். அந்த மனிதர் சம்மட்டி அடிப்பதோடு சரி. எந்த இரும்பு, எவ்வளவு சூடு, எப்போது தண்ணீரில் தோய்ப்பது, பிடி எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அக்காவின் பொறுப்பு.

நான் முதல் தடவை போனது தொண்ணூற்றெட்டில். கீழே நாமக்கல் பக்கத்தில் ஒரு அறக்கட்டளையில் எனக்கு ஒரு வருட ஒப்பந்த வேலை. கத்தி, அரிவாள் அடிக்கிற நாட்டுக் கொல்லர்களுக்கு உதவ அவர்கள் ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு மலைமேல் போய் வருகிற ஆள் நான். பட்டறை வாசலில் நின்று என் அடையாள அட்டையை நீட்டினேன். அக்கா அட்டையை விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்த கையைப் பிடித்தார். உள்ளங்கையை அமுக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கட்டைவிரலைப் பின்னால் வளைத்துப் பார்த்தார்.

"என்னங்க, வெண்ணெயாட்ட இருக்குதுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தக் கைக்குக் கத்தி எதுக்குங்க சாமி? வேணுமுன்னா ஒரு கரண்டி பண்ணித் தாரேன்."

கணவர் சிரித்ததில் சம்மட்டி ஒரு அடி தவறியது. நானும் சிரித்து வைத்தேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மண்வெட்டி பிடிக்காமல் படித்துத் தப்பித்தவன் நான். அதுவரை அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கையை விட்ட பிறகு கொஞ்ச நேரம் அதைப் பேன்ட் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

பட்டறைக் கூரையின் மூங்கில்களில் கற்றாழை நார்கள் தொங்கும். ஒவ்வொரு நாரும் ஒருவருடைய கை. கையைத் தடவிப் பார்த்துவிட்டு, உலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, மளமளவென்று நாரில் முடிச்சுப் போட்டு மேலே சொருகிவிடுவார். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். அது என்ன கணக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். நூற்றுக்கு மேல் தொங்கிய நார்களில் எது யாருடையது என்பது அவருக்குப் பார்த்ததும் தெரியும். "இது போஸ்ட்மேனுங்க. இது மேலூட்டு மருமக, புள்ளை பெத்தப்புறம் வெரலு வீங்கிப் போச்சு, திரும்ப அளக்கோணும்" என்பார். யாராவது வந்து ஒரு கொடுவாள் வேண்டும் என்றால் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கைக்குங்க?" என் அண்ணனுக்கு, என் சம்பந்திக்கு என்றால் வேலை ஆகாது. அண்ணனைக் கூட்டி வர வேண்டும், சம்பந்தியைக் கூட்டி வர வேண்டும். வர முடியாதவர்களுக்கு யாராவது நேரில் போய் நாரில் முடிச்சுப் போட்டு எடுத்துவர வேண்டும். கை தெரியாமல் அவர் இரும்பை உலையில் வைக்க மாட்டார்.

சந்தைக்குப் போனாலும் இதே கதைதான். மிளகு விற்கிறவர், வாழைத்தார் இறக்குகிறவர் என்று யார் கையும் தப்பாது. கை ஜோசியம் பார்க்கிறார் என்று நினைத்து ஒரு பெரியவர் ஒருமுறை தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டுவிட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்க மம்பட்டிப் புடி பெருசா இருக்குது. ரெண்டு சீவு சீவுங்க. இந்தக் காப்புக் காய்ச்சதெல்லாம் தன்னால போயிரும்."

கீழிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சருக்குக் காய்கறி நறுக்க ஒரு சிறிய கத்தி செய்து கொடுத்தார். டீச்சர் வலது கையைத்தான் நீட்டியிருந்தார். வந்த கத்தியோ இடது கைக்கானது. சின்ன வயதில் அடித்து அடித்து வலதுக்கு மாற்றிய பழக்கமாம் டீச்சருக்கு. "ஊட்டுக்குள்ள யாரு பாக்கறாங்க டீச்சர், உங்களுக்கு வர்ற கைல அரிங்க" என்று அக்கா சொன்னதும் அந்த அம்மா பட்டறையிலேயே கண் கலங்கிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இப்படிப்பட்டவரைத்தான் நான் ஏமாற்றினேன்.

திட்டத்துக்குப் பணம் கொடுத்தது பெங்களூரில் இருந்த ஒரு குழு. கையால் அடித்த கத்திகளை வாங்கிச் சேர்த்து வைக்கிற வசதியான மனிதர்கள். சிலருக்குத் தபால்தலை, சிலருக்குப் பழைய நாணயம், இவர்களுக்குக் கத்தி. வருடம் ஒருமுறை கண்காட்சி வைத்து, அதில் விற்று வருகிற பணத்தைக் கொல்லர்களுக்குக் கொடுப்பார்கள். பட்டறைக்குத் தகரக் கூரை, காற்று ஊத கரண்டு ப்ளோயர், இரும்பை வைத்து அடிக்க நல்ல பட்டடைக் கல் என்று உருப்படியாகவே செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். உதவி வாங்குகிற ஒவ்வொரு பட்டறையும் கண்காட்சிக்கு ஒரு கத்தி தர வேண்டும். யாரும் பயன்படுத்தாத, புத்தம் புதுக் கத்தி.

மலையில் நான் கண்டுபிடித்த பட்டறைகள் ஆறு. ஐந்து பேர் கத்தி கொடுத்துவிட்டார்கள். அக்கா மட்டும், "எந்தக் கைக்குங்க?" என்றார்.

"கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெப்பாங்கக்கா. யாரும் புடிக்க மாட்டாங்க."

"புடிக்காத கத்திக்குப் புடி எதுக்குங்க சாமி? வெறும் தகட்ட வெச்சுக்கச் சொல்லுங்க."

கேலியாகத்தான் சொன்னார், ஆனால் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆறுக்கு ஆறு பட்டறையையும் சேர்த்துவிட்டேன் என்று அறிக்கை கொடுத்தால்தான் என் ஒப்பந்தம் அடுத்த வருடத்துக்கு நீளும். அந்தப் பட்டறைக்கும் கூரை ஒழுகத்தான் செய்தது, அவர்கள் நல்லதுக்கும்தான் செய்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை. என் வேலைக்காகத்தான் செய்தேன்.

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த கற்றாழைப் புதரில் ஒரு நாரைக் கிழித்தேன். டீ குடித்துக்கொண்டே குத்துமதிப்பாக இரண்டு முடிச்சுப் போட்டேன். நுனியில் அவர் போடுவதைப் போல ஒரு சுருக்கு. மறுநாள் கொண்டு போய்க் கொடுத்து, திருப்புலி நாட்டில் ஒருவர், வர முடியாதவர், அவருக்குக் கத்தி வேண்டுமாம் என்றேன். அக்கா நாரை வாங்கித் தடவினார். மறுபடியும் தடவினார். முகம் மாறிவிட்டது.

"சாமி, இவருக்கு ரெண்டு வெரலு இல்லீங்களா?"

ஒரு முடிச்சு ஒரு விரல் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. சுருக்கு கட்டைவிரலுக்கு. நான்கு முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் நான் இரண்டு போட்டிருந்தேன். நார் மாறிப் போச்சு, நாளைக்கு வேற கொண்டாரேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு.

"ஆமாங்கக்கா. ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரில குச்சிக்கிழங்கு அரைக்கற மிஷின்ல போயிருச்சுங்க. சுண்டுவெரலும் மோதிர வெரலும்."

"அடக் கடவுளே" என்று மெதுவாகச் சொல்லி, நாரை மூங்கிலில் சொருகாமல் தன் மடியில் சொருகிக்கொண்டார். "இப்ப என்ன பண்றாருங்க?"

"மேல வந்துட்டாருங்க. கொஞ்சம் மொளகு இருக்குது. குச்சிக்கிழங்கு போட்டிருக்காருங்க." பொய் ஒரு தடவை கிளம்பிவிட்டால் அதற்குக் காடு கழனியெல்லாம் தன்னால் வந்துவிடுகிறது.

பத்து நாள் கழித்துப் போனேன். பட்டறையில் கணவர் மட்டும் இருந்தார். அக்கா பின்னால் சமையல்கட்டில் இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், அக்கா வலது கையின் கடைசி இரண்டு விரல்களை உள்ளங்கையோடு மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். இடது கையில் ஒரு வெட்டு. மஞ்சள் அப்பியிருந்தது.

"ஏனுங்கக்கா, கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க சாமி. அவருக்கு எப்பிடி இருக்குமுன்னு பாக்கறேன். மூணு நாளாச்சு. கத்தி உள்ளங்கைல நிக்கவே மாட்டேங்குது, வழுக்கி வழுக்கி ஓடுது. பாவமுங்க, அந்த மனுசன் எப்பிடித்தான் இத்தன நாளு வேலை செஞ்சாரோ."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாசல்படியில் நின்றேன், அவர் கொடுத்த மோரைக் குடித்தேன், சொல்லாமல் வந்துவிட்டேன்.

கத்தி வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த குட்டையான, லேசாக வளைந்த அலகு. பிடிதான் அதிசயம். இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் பலாமரக் கட்டை புடைத்து, உள்ளங்கையின் காலி இடத்தை நிரப்பும்படி செதுக்கியிருந்தார். பிடியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய இரும்புப் பட்டை வளைந்து வந்து மணிக்கட்டில் உட்காரும். விரல் செய்கிற வேலையை மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும். காசு எவ்வளவு என்று கேட்டபோது, "வெரலு போனவருகிட்ட நானு காசு வாங்குவனுங்களா? கரிக்கு ஆனதை மட்டும் உங்க ஆபீசுல வாங்கிக் குடுங்க" என்றார்.

பெங்களூரில் அந்தக் கத்தியைச் சுற்றித்தான் கூட்டம். கொல்லிமலைப் பழங்குடிகளின் பாரம்பரிய வடிவம் என்று பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அதை எழுதியவனும் நான்தான். அந்த வருடம் எல்லாவற்றையும்விட உயர்ந்த விலைக்குப் போனது அதுவே. ஆறு பட்டறைக்கும் தகரம் ஏறியது. என் ஒப்பந்தம் நீண்டது.

நான் அந்த மூன்று விரல்காரரை மறந்துவிட நினைத்தேன். அக்கா விடவில்லை. போகும்போதெல்லாம் விசாரிப்பார். கத்தி கைக்கு ஒத்து வருதா, பட்டை மணிக்கட்டை அறுக்குதா, மிளகுக் கொடி கழிக்க முடியுதா. நான் பதில் சொல்வேன். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஈரத்தில் பிடி வழுக்குவதாகக்கூடச் சொல்லிவைத்தேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. கேட்டவருக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. மறு வாரமே பிடியில் கயிறு சுற்றிய இரண்டாவது கத்தி தயாராக இருந்தது. அதையும் பெங்களூருக்கு அனுப்பினேன். அதுவும் விற்றது.

"ஒருக்கா கூட்டிட்டு வாங்க சாமி. கையப் பாத்தா இன்னுஞ் சரியாப் பண்ணிப் போடுவேன்."

"கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாருங்க." அடுத்த தடவை, "மக கல்யாணமுங்க." அதற்கடுத்த தடவை, "காய்ச்சலுங்க." ஒருமுறை திருப்புலி நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் சந்தையில் அக்கா விசாரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மூணு வெரலுக்காரரு ஒருத்தரு, தெரியுங்களா? அந்த ஆள் உதட்டைப் பிதுக்கினார். நான் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

இரண்டு வருடம் போனது. பெங்களூர்க் குழுவில் ஒருவர், கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர், கத்தி செய்தவரை நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்தார். தமிழ் தெரியாது. நல்ல மனிதர். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். மேலிடத்து உத்தரவு, நானே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அக்கா வழக்கம்போல அவர் கையைப் பிடித்தார். வந்தவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அஞ்சு வெரலும் முழுசா வெச்சிருக்காரு, கரண்டிக் கைதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் அக்கா. பெங்களூர்க்காரர் தன் பையைத் திறந்து ஒரு மரப் பெட்டியை எடுத்தார். உள்ளே நீல வெல்வெட். அதன்மேல் அவர் வாங்கியிருந்த அந்த முதல் கத்தி. செய்தவரும் கத்தியும் சேர்ந்து ஒரு போட்டோ வேண்டுமாம்.

அக்கா கத்தியை எடுத்தார். அலகில் கட்டைவிரலை ஓட்டினார். பிடியை மூக்கருகே கொண்டு போய் மோந்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழங்குப் பால் படிந்த கறுப்பு இல்லை. வியர்வை ஏறவில்லை. தீட்டிய தடம் ஒன்றுகூட இல்லை. பட்டறையிலிருந்து புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"இத அவரு தொடவே இல்லீங்களே சாமி" என்றார். பிறகு குரல் இறங்கி, "செத்துப் போயிட்டாருங்களா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கத்தி போய்ச் சேருவதற்கு முன்பே போய்விட்டார், உங்கள் மனசு கஷ்டப்படும் என்று மறைத்தேன் என்று ஒரு நல்ல பெயர்கூட எனக்குக் கிடைத்திருக்கும். அந்தப் பொய்யும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அக்கா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். முகம் தெரியாத ஒருவருக்காக அழ ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்கக்கா. அப்பிடி ஒருத்தரு இல்லவே இல்லீங்க. அந்த நாரு நானாக் கட்டுனது."

கணவர் சம்மட்டியைக் கீழே வைத்தார். பெங்களூர்க்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவர் என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

"நெசமாவே இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"அப்ப மிஷின்ல யாருக்கும் வெரலு போகலீங்களா?"

"போகலீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தியை என் மேல் எறிந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சுங்க" என்றார். "யாருக்கும் போகலையாமா" என்று கணவரிடமும் ஒரு தடவை சொன்னார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. கலப்படம் இல்லாத நிம்மதி. நான் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்காவது ஒரு துளி கோபம் இருந்துவிடாதா என்று.

"ரெண்டு வருசமா எட்டுக்கை அம்மங்கிட்ட சண்டை போட்டுட்டு வாரேன் சாமி. உனக்கு எட்டுக் கை இருக்குதே, அந்த ஏழைக்கு ரெண்டு வெரலு விட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிரும்னு. ஒரு நாளு ரொம்ப மோசமாவே பேசிப் போட்டேன். பாவம், அவ மேல தப்பே இல்ல." எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வெள்ளிக்கெழமை போயி மன்னிப்புக் கேக்கோணும். நீங்களும் வாங்க. நானு சொன்னாச் சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவா. நீங்க ஒரு வார்த்த சொல்லிப் போட்டீங்கன்னா நம்பிக்குவா."

அக்கா என்ன சொல்கிறார் என்று பெங்களூர்க்காரர் கேட்டார். உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்கிறார் என்றேன். அவர் கும்பிட்டார். அக்காவும் கும்பிட்டார். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லித்தான் இறங்கினேன். நான் போகவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு வரை போய், மலைமேல் சோளக்காடு போகிற பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து, கண்டக்டர் விசில் ஊதியதும் இறங்கிவிட்டேன். அடுத்த மாதம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தர்மபுரி பக்கம் வேறு வேலைக்குப் போனேன். அதற்கப்புறம் அந்த மலையில் நான் கால் வைக்கவில்லை.

கணக்கு முடிக்க ஆபீசுக்கு வந்த இன்னொரு பட்டறைக்காரர்தான் நான் கிளம்புவதற்கு முன்னால் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அக்கா தேங்காய் பழத்தோடு மதிய பஸ் வருகிற வரைக்கும் செம்மேட்டில் நின்றாராம். அதிலும் நான் வராததைப் பார்த்துவிட்டுத் தனியாகக் காட்டுவழியில் நடந்து போய், அம்மன் முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாராம்: "யாருக்கும் வெரலு போகலையாமா ஆத்தா. சொல்ல வேண்டியவரு வர்றேன்னாரு, ஆபீசுல வேலை ஜாஸ்தியா இருக்கும். அவரு மேல மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."